கையில் கட்டிய கடிகாரம் எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் முன்பெல்லாம் காலை வணக்கப் படங்கள் வரும். இப்போது அவற்றோடு ஸ்மார்ட் வாட்ச் திரையின் படங்களும் வருகின்றன. “நேற்று தூக்கத்துக்கு 62 மார்க்தான்”, “ஸ்ட்ரெஸ் 81 காட்டுது, என்ன பண்றது?”, “அம்மாவுக்கு ஆக்சிஜன் 93, கிளினிக் கூட்டிட்டுப் போகவா?” பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் தம்பியிலிருந்து, தாவரவியல் பூங்காவுக்குக் காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் வரை பினாங்கில் பலர் கையிலும் இன்று ஒரு பட்டை இருக்கிறது. எண்கள் வந்து குவிகின்றன. அவற்றை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பெட்டியோடு வரும் கையேடு, சார்ஜ் போடும் விதத்தோடு நின்றுவிடுகிறது.

அந்தச் சின்னக் கருவிக்குள் இருக்கும் உணரிகள் மிகக் கொஞ்சம். தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைப் பார்ப்பது ஒன்று. கை அசைவதைப் பார்ப்பது இன்னொன்று. விலை கூடிய கடிகாரங்களில் தோலின் வெப்பத்தைப் பார்க்க ஒன்று, இதயத்தின் மின் துடிப்பைப் பார்க்க ஒன்று. அவ்வளவுதான். தூக்கத்தின் தரம், மன அழுத்தம், எரித்த கலோரி, ‘இன்று உங்கள் உடலின் தயார்நிலை’ எல்லாமே இந்த இரண்டு மூன்று சமிக்ஞைகளை வைத்து மென்பொருள் போடும் கணக்கு. ஓர் எண் உணரியிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிறக்கிறதோ, அதன் மேல் வைக்கும் நம்பிக்கையை அவ்வளவு குறைத்துக்கொள்ளலாம். கடிகாரத் தரவைப் படிக்க இந்த ஒரு அளவுகோல் போதும் என்பது என் எண்ணம்.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை எண்ணுவதில் ஆறு கருவிகளின் பிழை 5 விழுக்காட்டுக்குள் இருந்தது. கலோரிக் கணக்கில் நிலைமை வேறு: இருந்ததிலேயே துல்லியமான கருவி சராசரியாக 27 விழுக்காடு தவறியது, மோசமானது 93 விழுக்காடு தவறியது. அதே கை, அதே கருவி, அதே ஓட்டம். துடிப்பு நேரடியாக அளக்கப்படுகிறது. கலோரியோ துடிப்பு, எடை, வயது, அசைவு என்று பலவற்றைக் கூட்டிப் பெருக்கி வருவது. ஆகவே ‘இன்றைக்கு 600 கலோரி எரித்துவிட்டேன்’ என்ற தைரியத்தில் நாசி கண்டார் கடை வரிசையில் போய் நிற்பவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொள்ளலாம்.

பச்சை விளக்கும் நம் தோலும்

இருட்டு அறையில் கைப்பேசியின் டார்ச் விளக்கை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். வெள்ளை ஒளியில் உள்ள பச்சையையும் நீலத்தையும் இரத்தம் உறிஞ்சிக்கொள்ள, சிவப்பு மட்டும் தப்பி வெளியே வருகிறது. கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு இந்த இயல்பைத்தான் பயன்படுத்துகிறது. இதயம் ஒருமுறை சுருங்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் சற்றுக் கூடுகிறது, அதனால் பச்சை ஒளி கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. அடுத்த கணம் இரத்தம் குறைய, திரும்பி வரும் ஒளி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித் துடிப்பு கிடைத்துவிடும். 1930களிலேயே ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் இந்த வழியில் இரத்த ஓட்டத்தைப் பதிவு செய்தார். கடிகாரம் புதிது, கருத்து பழையது.

ஆக்சிஜன் அளவுக்குச் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் தேவை. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் இவ்விரண்டையும் வேறு வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அந்த வேறுபாட்டை வைத்து அளவைக் கணிக்கும் முறையை 1974-இல் முன்வைத்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. கோவிட் காலத்தில் ஃபார்மசிகளில் கிடைக்காமல் தேடி அலைந்தோமே, விரலில் மாட்டும் அந்தக் கருவி, அவர் வழி வந்ததுதான்.

இதில் நம்மைத் தொடும் சங்கதி ஒன்று இருக்கிறது. தோலின் கருமைக்குக் காரணமான மெலனினும் ஒளியை உறிஞ்சுகிறது. விரலில் மாட்டும் மருத்துவமனைக் கருவிகள் கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவைக் கண்டுகொள்ளாமல் விடுவது, வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை. மாநிறமும் கருநிறமுமாக இருக்கும் நாம் மணிக்கட்டுப் பட்டையின் ஆக்சிஜன் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதிலும் கவனம் வேண்டும், பதறுவதிலும் கவனம் வேண்டும்.

அம்மாவுக்கு 93 காட்டினால் முதலில் அவரை உட்கார வையுங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்டி, கையை மேசையில் அசையாமல் வைத்து மறுபடி பாருங்கள். கோயில் கயிறு, காப்பு, வளையல் எதுவும் பட்டைக்கு அடியில் சிக்கக் கூடாது. பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டினாலும் ஒளி தடுமாறும். அப்புறம் விரல் கருவி ஒன்றிலும் சரிபாருங்கள். அதிலும் 95-க்குக் கீழேயே நின்றால் கிளினிக்குக்குப் போக வேண்டியதுதான். மூச்சுத் திணறல் இருந்தால் எந்த எண்ணையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள்.

அசைவை அளக்கும் உணரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கை ஆடுவதை வைத்து அது நடையை எண்ணுகிறது. அதனால் பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தாலும் குறைவாகத்தான் கணக்கில் வரும், சப்பாத்தி மாவு பிசைந்தால் சும்மா சில அடிகள் கூடும். பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. அதன் பின்னால் மருத்துவ ஆய்வு எதுவும் இருக்கவில்லை. 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், நாளுக்கு 2,700 அடி போல நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. முட்டி வலியோடு பத்தாயிரத்தைத் துரத்தும் பாட்டிகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஓய்வுநிலைத் துடிப்பு: இருப்பதிலேயே உருப்படியான எண்

எல்லா எண்களிலும் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். நாம் அசையாமல் அமைதியாக இருக்கும்போதோ தூங்கும்போதோ இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதே ஓய்வுநிலைத் துடிப்பு. பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. நன்றாக ஓடிப் பழகியவர்களுக்கு 50-க்குக் கீழும் இருக்கலாம். இது உணரிக்கு மிக அருகில் பிறக்கும் எண். கை அசையாத நேரத்தில் எடுக்கப்படுவதால் பிழையும் குறைவு.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு 58, எனக்கு 74 என்று ஒப்பிடுவதால் எந்தப் பயனும் இல்லை. உங்களுடைய வழக்கமான அளவு எது என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. பட்டையை மூன்று நான்கு வாரங்கள் தொடர்ந்து கட்டினால் அந்த அடிப்படைக் கோடு தெரிந்துவிடும். 70-72 என்றே ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்கு நான்கைந்து நாளாக 80 காட்டினால் அது ஏதோ சொல்கிறது. 80 இயல்புதானே என்று நூல் சொல்லலாம், அவருக்கு அது இயல்பில்லை.

ஸ்டான்ஃபோர்டில் மரபியல் பேராசிரியராக இருக்கும் மைக்கேல் ஸ்னைடரின் கதை இங்கே பொருந்தும். உடலில் பல உணரிகளை மாட்டிக்கொண்டு தன் எண்களைத் தொடர்ந்து பதிவு செய்து வந்தவர் அவர். நோர்வேக்கு விமானத்தில் போனபோது அவருடைய ஆக்சிஜன் அளவு வழக்கத்தைவிட அதிகமாக இறங்கியது. விமானத்தில் கொஞ்சம் இறங்குவது சாதாரணம்தான், ஆனால் தரையிறங்கிய பிறகும் அது சரியாகவில்லை, துடிப்பும் கூடவே உயர்ந்திருந்தது. சில வாரங்களுக்கு முன் உண்ணி நிறைந்த கிராமப்புறத்தில் வேலை செய்தது அவருக்கு நினைவு வந்தது. லைம் நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு மருத்துவரிடம் போனார், பின்னர் இரத்தச் சோதனை அதை உறுதி செய்தது. 2017-இல் அவருடைய குழு இதை ஆய்வுக் கட்டுரையில் பதிவு செய்தது. கடிகாரம் ‘லைம் நோய்’ என்று அவருக்குச் சொல்லவில்லை. தன் வழக்கமான அளவு தெரிந்திருந்ததாலும், உண்ணிக் காடு நினைவில் இருந்ததாலும் அவரே இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

நம் ஊரில் இந்தத் துடிப்பு ஏற என்னென்ன காரணங்கள்? காய்ச்சல் தொடங்கப் போகிறது, முந்தின இரவு மது, தூக்கமின்மை, மதிய வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் விட்டது, ஷிப்ட் மாறியது. நாள்பட்ட ஏற்றமென்றால் இரத்தச்சோகையும் தைராய்டும் பட்டியலில் வரும். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் துடிப்பை இறக்கிவிடும், அதுவும் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு மாதச் சுழற்சியின் பிற்பாதியில், கருமுட்டை வெளியான பிறகு, தோல் வெப்பமும் துடிப்பும் சற்று ஏறி, மாதவிடாயோடு இறங்கும். ஆகவே அவர்கள் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிடப் போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுவது சரி. பல செயலிகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை என்பது எரிச்சலான விஷயம்.

‘ஸ்ட்ரெஸ் 81’ எங்கிருந்து வருகிறது?

கடிகாரத்தில் மன அழுத்தத்தை அளக்கும் உணரி கிடையாது. இருக்கவும் முடியாது. பெரும்பாலான கருவிகள் பார்ப்பது இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம். இதயம் நிமிடத்துக்கு 60 முறை துடித்தால் ஒவ்வொரு துடிப்பும் சரியாக ஒரு நொடி இடைவெளியில் விழும் என்று நினைப்போம். ஆரோக்கியமான இதயம் அப்படித் துடிப்பதில்லை. ஓர் இடைவெளி 0.96 நொடி, அடுத்தது 1.04, அதற்கடுத்தது 0.99 என்று ஏறி இறங்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது சற்று வேகம், விடும்போது சற்று நிதானம். இந்த ஏற்ற இறக்கத்துக்கு இதயத் துடிப்பு மாறுபாடு என்று பெயர். இதை மில்லி நொடியில் சொல்வார்கள்.

சிலம்பம் ஆடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். எதிராளி அசையாமல் நின்றாலும் இவர் கால்கள் லேசாக இடம் மாறிக்கொண்டே இருக்கும், எந்தப் பக்கமும் திரும்பத் தயாராக. பயந்தவரோ களைத்தவரோ விறைத்து நின்றுவிடுவார். இதயமும் இப்படித்தான். உடல் நிம்மதியாக இருக்கும்போது இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடியில் துடிப்பு இளகி ஆடுகிறது. பதற்றம், நோய், களைப்பு என்று உடல் நெருக்கடியில் இருக்கும்போது மாறுபாடு குறைந்து, துடிப்பு ஒரே சீராக இறுகிவிடுகிறது. கடிகாரம் இந்த இறுக்கத்தைப் பார்த்து, தன் சூத்திரத்தில் போட்டு, 81 என்று திரையில் எழுதுகிறது. அந்தச் சூத்திரம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒரு கடிகாரத்தின் 81-ஐ இன்னொன்றின் 40-ஓடு ஒப்பிட்டு அர்த்தம் தேட வேண்டாம்.

இங்கேதான் தூரம் கூடுகிறது. ஒளியிலிருந்து துடிப்பு, துடிப்பிலிருந்து இடைவெளி, இடைவெளியிலிருந்து மாறுபாடு, மாறுபாட்டிலிருந்து ‘மன அழுத்தம்’. நான்கு படி தாண்டி வந்த எண் இது. இரண்டு கப் கெட்டிக் காப்பிக்குப் பிறகும் அது ஏறும். அக்கா மகளின் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிவு நல்லபடி வந்த மகிழ்ச்சியிலும் ஏறும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் பால்குடத்தோடு ஏறுகிறவருக்கு எல்லா நிறத்திலும் எச்சரிக்கை வரலாம், அவரோ அன்றைக்குத்தான் மனம் நிறைந்து இருப்பார். உடல் கிளர்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான் கடிகாரம் அறியும். ஏன் கிளர்ந்திருக்கிறது, அது சந்தோஷமா சங்கடமா என்பது அதற்குத் தெரியாது.

பகல் எண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், தூக்கத்தில் பதிவாகும் மாறுபாட்டின் வாரச் சராசரியைப் பாருங்கள். அதுதான் கொஞ்சம் நிலையானது. வயது ஏற ஏற இது இயல்பாகவே குறையும் என்பதால் இருபது வயது மகனின் எண்ணைப் பார்த்து ஐம்பது வயது அப்பா கவலைப்பட வேண்டியதில்லை.

தூக்கத்துக்கு மார்க் போடும் வாத்தியார்

தூக்கத்தை முறையாக அளப்பது என்றால் மருத்துவமனையில் ஓர் இரவு படுக்க வேண்டும். தலையில் மூளை அலைகளைப் பதியும் முனைகள், கண் அசைவுக்குத் தனி, தாடைத் தசைக்குத் தனி, மூக்கில் காற்றோட்டத்துக்கு ஒன்று. கடிகாரத்துக்கு மூளை எட்டாது. அசைவும் துடிப்பும் மட்டும் அதன் கையில். அதனால் தூங்குகிறீர்கள் என்பதை நன்றாகவே கண்டுபிடிக்கும். விழித்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பதைத்தான் அதனால் பிரித்தறிய முடிவதில்லை, அதையும் தூக்கம் என்றே எழுதிக்கொள்ளும். ஆழ்ந்த தூக்கம் 48 நிமிடம், கனவுத் தூக்கம் 1 மணி 12 நிமிடம் என்று பிரித்துக் காட்டுவதெல்லாம் தோராயம்.

நம்பக்கூடியவை எளிமையானவை: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், வாரம் முழுக்க அது ஒரே நேரத்தில் நடந்ததா. தொழிற்சாலை ஷிப்டில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றும் தங்கம். பன்னிரண்டு மணி நேர இரவு வேலை முடித்துக் காலையில் படுக்கிறவர் ஏழு மணி நேரம் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருப்பார். வாரக் கணக்கைப் பார்த்தால் ஐந்துதான் இருக்கும். மேலாளரிடமோ மருத்துவரிடமோ பேச அது ஓர் ஆதாரம்.

மார்க்குக்காகத் தூங்க முயல்வது இன்னொரு வம்பு. 2017-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதைத் தனியாகவே எழுதினார்கள்: கடிகாரம் காட்டும் தூக்கத்தைச் சரியாக்க வேண்டும் என்ற கவலையே தூக்கத்தைக் கெடுத்த நோயாளிகள் அவர்களிடம் வந்துகொண்டிருந்தார்கள். காலையில் எழுந்ததும் உடம்பு எப்படி இருக்கிறது என்று உங்களையே கேட்டுவிட்டு, அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள். வரிசையை மாற்றாதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்தவர்கூட 58 மார்க்கைப் பார்த்ததும் சோர்ந்துபோவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் தூங்கியும் பகலெல்லாம் கண் சொக்குகிறது, குறட்டை வீட்டையே அதிர வைக்கிறது என்றால் விஷயம் வேறு. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

மனதுக்கு இதனால் என்ன பயன்?

மலேசிய சுகாதார அமைச்சின் 2023 தேசிய உடல்நல ஆய்வின்படி, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருக்கிறது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். 2019-இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. நம் வீடுகளில் இதைப் பற்றிய பேச்சு இன்னும் “கோயிலுக்குப் போய்ட்டு வா, சரியாயிடும்” என்ற இடத்தில்தான் நிற்கிறது. கோயிலுக்குப் போவது நல்லது, போகட்டும். மருத்துவரிடமும் போகலாம் என்று சேர்த்துச் சொல்வதில் என்ன தயக்கம் என்றுதான் எனக்குப் புரிவதில்லை.

மனச்சோர்வைக் கடிகாரம் கண்டுபிடிக்காது. ஆனால் மனம் சோரும்போது உடலின் பழக்கங்கள் மாறுகின்றன. படுக்கும் நேரம் தள்ளிப் போகிறது, அல்லது விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வெளியே போவது குறைந்து நடை பாதியாகிறது. இவற்றைப் பட்டை பிசகாமல் எழுதி வைக்கும். நாமோ ‘கொஞ்ச நாளாகவே சரியில்லை’ என்பதோடு நின்றுவிடுவோம், எப்போது தொடங்கியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தத் தேதியைத் தேடித் தருவதுதான் மனநலத்தில் கடிகாரத்தின் பெரிய உதவி.

அது உதவ வேண்டுமானால் நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். தினமும் இரவு ஒரு வரி எழுதி வையுங்கள். கைப்பேசியிலோ நாட்காட்டித் தாளிலோ, எங்கே என்பது முக்கியமில்லை. ‘மேலாளரோடு வாக்குவாதம்.’ ‘அப்பா திவசம்.’ ‘மழை, எங்கும் போகவில்லை, ஆனால் நிம்மதி.’ மாதக் கடைசியில் எண்களையும் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எண்கள் மட்டும் சொல்லாத கதை தெரியும். இரவு துடிப்பு ஏறிய நாட்களெல்லாம் கடன் தவணை நாட்களாக இருக்கலாம். தூக்கம் சரிந்த வாரம் வேலையிடம் மாறிய வாரமாக இருக்கலாம்.

மனநலத்தைப் பொறுத்தவரை எந்த உணரியையும்விட நேரடியான கருவி ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா, நம்பிக்கை இழந்தது போல் இருந்ததா என்று கேட்கும் அந்தக் கேள்வித்தாளை உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். மலேசியக் குடிமக்கள் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம், அவர் தேவையானால் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். சமூக மனநல நிலையங்களாக மெந்தாரி என்ற பெயரில் அமைச்சே நடத்துபவையும் உண்டு. பேச ஆள் வேண்டுமென்றால் அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு கோலாலம்பூரிலும் இருக்கிறது, பினாங்கிலும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே போலீஸ் பயத்தில் உதவி கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ‘தயார்நிலை 90’ என்று கடிகாரம் பச்சையில் காட்டினாலும் சரி, அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.

நம்பக் கூடாத சில

இனிப்பு நீர் நம் வீடுகளில் புது விருந்தாளி இல்லை. அதே 2023 ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அதனால்தான் ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கும் கடிகாரம் என்று இணையக் கடைகளில் விளம்பரம் வந்தவுடன் நம் ஆட்கள் வாங்கிவிடுகிறார்கள். தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அவற்றில் தெரியும் எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. மேல்கையில் ஒட்டும் சர்க்கரை உணரி வேறு ரகம். அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் இறங்கி, திசுநீரில் உள்ள சர்க்கரையை உண்மையாகவே அளக்கிறது. இரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும், அவ்வளவுதான். கடிகாரத் திரையில் அந்த எண் தெரிந்தாலும் அளப்பது மேல்கை உணரிதான்.

இரத்த அழுத்தம் காட்டும் கடிகாரங்களில் சிலவற்றை, கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் சாதாரணக் கருவியோடு சில வாரங்களுக்கு ஒருமுறை ஒத்துப் பார்த்துச் சீராக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கருவி எப்படியும் வீட்டில் இருக்க வேண்டும் என்றால் அதிலேயே பார்த்துவிடலாமே என்பது என் கட்சி.

ஒழுங்கற்ற துடிப்பு எச்சரிக்கை கொஞ்சம் மதிக்க வேண்டியது. 2019-இல் வெளியான ஆப்பிள் ஹார்ட் ஆய்வில் நான்கு லட்சத்து 19 ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 விழுக்காட்டினருக்குத்தான். அவர்களில் மார்பில் ஒட்டும் ஈசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினருக்கு ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு பதிவானது. மற்றவர்களுக்கு எச்சரிக்கை பொய் என்று முடிவு கட்டவும் முடியாது, அந்தக் கோளாறு வந்து வந்து போகக்கூடியது. பக்கவாதத்துக்கு வழி வகுக்கும் கோளாறு என்பதால் எச்சரிக்கை வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் கடிகாரத்தின் ஈசிஜி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு இறுக்கி, வியர்த்து, இடது கை வலிக்கும்போது கடிகாரத்தில் விரல் வைத்து ‘நார்மல்’ என்று வந்ததும் படுத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அழைக்க வேண்டியது 999.

தரவு யாரிடம் போகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல், மன நலத் தகவலை நுண்ணுணர்வுத் தரவாக வைத்து, வெளிப்படையான சம்மதம் கேட்கிறது. ஆனால் ‘சம்மதம்’ என்ற பொத்தானை நாம் படிக்காமல் தட்டிவிடுகிறோம். ஓட்டத்தையும் நடையையும் பதியும் ஸ்ட்ராவா செயலி 2017-இல் வெளியிட்ட உலக வரைபடத்தில், ராணுவ வீரர்கள் ஓடிய தடங்கள் வழியே முகாம்களின் இடம் 2018-இல் வெளியே தெரிந்துபோனது. நம் வீட்டுப் பெண் பிள்ளை தினமும் எத்தனை மணிக்கு எந்தத் தாமான் குடியிருப்பைச் சுற்றி ஓடுகிறாள் என்பதும் அதே போலத் தெரியலாம். நடைப் பாதையைப் பொதுவில் காட்டும் அமைப்பை அணைத்து வையுங்கள். அடி எண்ணிக்கைக்குச் சலுகை தரும் காப்புறுதித் திட்டங்களில் சேருமுன் எந்தெந்த எண்களைக் கேட்கிறார்கள் என்று வாசியுங்கள்.

மருத்துவரிடம் எதை எடுத்துப் போவது?

சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவருக்கு உங்களோடு சில நிமிடம்தான் இருக்கும். நாற்பது திரைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினால் அவர் எதையும் பார்க்க மாட்டார். மூன்று மாத ஓய்வுநிலைத் துடிப்பின் வரைபடம் ஒன்று, வீட்டில் எடுத்த இரத்த அழுத்தக் குறிப்பு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் போதும். பட்டியலில் நாட்டு மருந்தும் சத்து மாத்திரையும் சேரட்டும், மறைக்க வேண்டாம். பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்தில் 40 வயதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் அரசின் பெக்கா பி40 திட்டத்தின் இலவசப் பரிசோதனைக்குப் போகும்போதும் இந்தத் தாள் உதவும்.

வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். “டாக்டர், கடிகாரம் ஸ்ட்ரெஸ் 81 காட்டுது” என்றால் அவருக்கு அதில் பிடிமானம் இல்லை. “எனக்கு எப்பவும் 70 இருக்கும் துடிப்பு ஆறு வாரமா 82-இலேயே நிக்குது. காய்ச்சல் இல்லை, மருந்து மாறலை, ஷிப்டும் மாறலை. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, ராத்திரி நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது” என்றால் அவர் பேனாவை எடுப்பார். நாடியைத் தன் விரலால் பிடித்துப் பார்ப்பார், கண் இமையை இழுத்து இரத்தச்சோகை தெரிகிறதா என்று பார்ப்பார், மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்பார். அப்புறம் ஹீமோகுளோபினுக்கும் தைராய்டுக்கும் இரத்தச் சோதனை, பன்னிரண்டு கோணத்தில் எடுக்கும் முழு ஈசிஜி.